பூஞ்சேரி வரை போய் வாருங்கள்

இளங்கலை வரலாறு படிக்கும் பத்துப் பன்னிரண்டு மாணவர்களோடு அண்மையில் மாமல்லபுரம் போயிருந்தேன். ஐந்து ரதம், அருச்சுனன் தபசு, கடற்கரைக் கோயில் என வழக்கமான சுற்றுதான். வழிகாட்டி நன்றாகவே பேசினார். மாமல்லன் குடைந்தான், ராஜசிம்மன் கட்டினான் என்று அவர் அடுக்கிக்கொண்டே போக, ஒரு மாணவி கேட்டாள்: "ராஜாவே உளி பிடிச்சாராண்ணா?" எல்லோரும் சிரித்தோம். வழிகாட்டியும் சிரித்தார். பதில் மட்டும் சொல்லவில்லை.

பதில் இருக்கிறது. 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இந்தச் சின்னங்களிலிருந்து மேற்கே சிறிது தூரம் போனால் பூஞ்சேரி. அங்கே பாறையில் சில பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான், சாதமுக்கியன், கலியாணி, கொல்லன் ஸேமகன்... மாமல்லபுரத்தில் வேலை செய்த பல்லவர் காலச் சிற்பிகள், தொழிலாளர்களின் பெயர்கள் இவை என ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். கொல்லன் ஏன் வருகிறார்? கருங்கல்லில் உளி சீக்கிரம் மழுங்கும். அதைக் காய்ச்சித் தீட்டித் தர ஆள் இல்லையென்றால் ஒரு யானைகூட எழும்பியிருக்காது.

இந்தப் பட்டியலும் முழுமையானதல்ல. கல் சுமந்தவர், சல்லி அள்ளியவர், தண்ணீர் கொண்டுவந்தவர் பெயர் இதிலும் இல்லை. உழைப்பவர்களுக்குள்ளும் படிநிலை இருந்ததை இந்த விடுபடல் காட்டுகிறது.

பூஞ்சேரி என்றதும் உங்களில் பலருக்கு இன்னொன்று நினைவுக்கு வந்திருக்கும். 2021-இல் மாமல்லபுரத்துக் கோயில் ஒன்றின் அன்னதானப் பந்தியிலிருந்து விரட்டப்பட்ட நரிக்குறவப் பெண்ணின் ஊர் அது. அவர் பேசிய காணொளி பரவியது. அமைச்சர் வந்து அவரோடு அமர்ந்து சாப்பிட்டார். நவம்பரில் முதலமைச்சரே பூஞ்சேரிக்குப் போய், நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் வழங்கினார். நல்லதுதான். ஆனால் பந்தியில் உட்கார்ந்து ஒரு வாய்ச் சோறு தின்ன, ஒரு பெண்ணின் கோபம் ஊரெல்லாம் பரவ வேண்டியிருந்தது.

பாறையில் பெயர் வெட்டியவர்களின் வாரிசுகள்தான் இன்றைய பூஞ்சேரி மக்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்குச் சான்று இல்லை; பூர்விகப் பெருமை தேடுவதும் நம் வேலை இல்லை. நான் கேட்பது வேறு. ஒரே ஊரில் அன்றைய உழைப்பாளியின் பெயரும் கண்ணில் படவில்லை, இன்றைய மனிதரும் கண்ணில் படவில்லை என்றால், நாம் எதைப் பார்க்கப் பழக்கப்பட்டிருக்கிறோம்?

"டூர் போன இடத்திலும் சாதியா?" என்று கேட்பவர்கள் உண்டு. நாங்கள் போன அன்று வாசலில் பாசிமணி விற்ற அக்காவை ஒருவர் "தள்ளிப் போ" என்று அதட்டினார். எங்களை யாரும் அதட்டவில்லை. சாதியை நாங்கள் பையில் வைத்து எடுத்துப் போகவில்லை, அது அங்கேயே இருந்தது.

ஆண்டுதோறும் மாசிமகத்துக்கு இருளர்கள் பல ஊர்களிலிருந்து இதே கடற்கரைக்கு வருகிறார்கள். சேலைகளால் கூடாரம் அமைத்து, மணலில் கன்னியம்மனை வணங்கி, விடியலில் திருமணங்களும் நடத்துகிறார்கள். கடற்கரைக் கோயில் அருகிலேயே நடக்கும் இந்த வரலாறு எங்கள் வழிகாட்டியின் பேச்சில் வரவேயில்லை.

செய்யக்கூடியது பெரிய காரியமல்ல. ஐந்து ரதத்தின் அறிவிப்புப் பலகையில் பூஞ்சேரிப் பெயர்களை எழுதலாம். வழிகாட்டிகளின் பயிற்சியில் மாசிமகத்தைச் சேர்க்கலாம். பாசிமணி விற்பவர்களுக்கு விரட்டப்படாத ஓர் இடம் ஒதுக்கலாம். இதையெல்லாம் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

அடுத்த முறை மாமல்லபுரம் போனால், கடலைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். பூஞ்சேரி வரை போங்கள். அந்தப் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். பிறகு அங்கே இருக்கும் மனிதர்களிடம் அவர்கள் பெயரையும் கேளுங்கள்.