பெல்ட் இருந்தால் போதுமா?

"பெல்ட் டிரைவ்தான் சார் உசத்தி. டைரக்ட் டிரைவ் எல்லாம் டிஸ்கோ போடுகிறவர்களுக்கு." ரெக்கார்டு பிளேயர் வாங்கப் போகிறவர்கள் காதில் தவறாமல் விழும் உபதேசம் இது. இதை நம்பி, நன்றாக ஓடும் பழைய மெஷினைக் காயலான் கடைக்குத் தள்ளிவிடுகிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

தட்டைச் சுழற்ற மூன்று வழிகள் உண்டு. முதலாவது ஐட்லர். சைக்கிள் டைனமோ டயரை உரசுவதுபோல, ஒரு ரப்பர் சக்கரம் மோட்டார் தண்டையும் தட்டின் உள்விளிம்பையும் உரசிக்கொண்டு சுற்றும். இழுவை அதிகம், மோட்டாரின் அதிர்வும் கூடவே வரும். 1954இல் வந்த காரார்டு 301 இந்த ரகம். பி.பி.சி.யிலேயே உழைத்த மெஷின்.

இரண்டாவது பெல்ட். தையல் மெஷினில் பார்த்திருப்பீர்கள். ரப்பர் பெல்ட், மோட்டாரின் நடுக்கத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். 1961இல் எட்கர் வில்ச்சரின் ஏ.ஆர். பிளேயர் இதை எளிமையாகச் செய்துகாட்டியது. ஆனாலும் ரப்பர் ரப்பர்தான். நாளானால் தளரும், வேகம் தடுமாறும்.

மூன்றாவது டைரக்ட். மோட்டாரின் அச்சே தட்டின் அச்சு. மோட்டாரே நிமிடத்துக்கு 33⅓ சுற்றுதான் சுற்றும். 1970இல் டெக்னிக்ஸ் எஸ்பி-10 இப்படி வந்தது. பிறகு குவார்ட்ஸ் கட்டுப்பாடும் சேர்ந்தது. 1979இன் எஸ்எல்-1200 எம்கே2வில் வேக ஏற்ற இறக்கம் வெறும் 0.025 சதவீதம்.

"குவார்ட்ஸ் ஓயாமல் வேகத்தைத் திருத்துகிறது, அதனால் இசையில் உயிர் இல்லை" என்பார்கள். எல்.பி.க்கு மூலத்தட்டு வெட்டும் நியூமன் விஎம்எஸ் 80 எந்திரத்தில் இருந்ததே டெக்னிக்ஸின் டைரக்ட் டிரைவ் மோட்டார்தான்! வெட்டும்போது போகாத உயிர், கேட்கும்போது மட்டும் போய்விடுமா?

இன்னொரு கணக்கு. ரெக்கார்டின் நடு ஓட்டை அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால், மையத்திலிருந்து 100 மில்லிமீட்டரில் ஊசி ஓடும்போது வேகம் 0.5 சதவீதம் கூடிக் குறையும். வீணையின் நீண்ட நாதம் அலைவது காதுக்கே தெரியும். எந்த பெல்ட் இதைச் சரிசெய்யும்?

இன்று விற்கும் மலிவான சூட்கேஸ் பிளேயர்களிலும் பெரும்பாலும் பெல்ட்தான். அதனால் அவை உசத்தி ஆகிவிட்டனவா? ஒழுங்காகச் செய்த ஐட்லர், அரைகுறையாகச் செய்த பெல்ட்டைவிட எவ்வளவோ மேல். பெயர்ப்பலகையைப் பார்த்து வாங்காதீர்கள். தட்டு கனமா, அச்சு ஆடாமல் சுற்றுகிறதா, ஊசி தேயாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, தெரிந்த பாட்டு ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். காது சொல்வதை நம்புங்கள்.