நான்காவது பெயர்

மதிப்பிற்குரிய டீன் அவர்களுக்கு,

நேரில் சொல்லிப் பார்த்தாயிற்று, எழுதியும் கொடுத்தாயிற்று. உங்கள் அலுவலகம் முத்திரை குத்தித் தந்த நகல்கள் மட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. இதற்குள் பதவி உயர்வுப் பட்டியல் வந்துவிட்டது. பொது மருத்துவத் துறையின் அந்த உதவிப் பேராசிரியர் பெயர் அதில் இல்லை. ஆகவே நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன்.

அவருக்கு என்ன குறை? பணி ஆண்டுகள் நிறைந்துவிட்டன. மருத்துவக் கல்விப் பயிற்சி முடிந்தது. ஆராய்ச்சி முறைகளுக்கான இணையவழிப் பாடத்தை இரவுப் பணிகளுக்கு நடுவே படித்துத் தேர்வும் எழுதிவிட்டார். ஒரு கட்டுரை கையில் இருந்தது, இரண்டாவதும் வெளிவந்தது. ஆனால் அதில் அவர் பெயர் நான்காவது. பதவி உயர்வுக் கணக்கில் நான்காவது பெயருக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெரியாமல் நடந்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

அந்தக் கட்டுரை எதைப் பற்றியது என்றாவது நினைவிருக்கிறதா ஐயா? கண்ணாடி விரியன் கடித்து, டயாலிசிஸ் வரை போய்ப் பிழைத்தவர்களின் சிறுநீரகம் மாதங்கள் கழித்து எப்படி இருக்கிறது என்பதைப் பற்றியது. விஷமுறிவு மருந்து ஏற்றி, உயிர் பிழைத்ததும் டிஸ்சார்ஜ் எழுதிக் கைகழுவுவது நம் எல்லோருக்கும் பழக்கம். அவர் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. நடுராத்திரியில் கேஸ் வந்தால் கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, சாய்த்துப் பார்த்து, உறைந்ததா இல்லையா என்று குறித்தவர் அவர். கரும்பு வெட்டப் போகிறவர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு கிரியேட்டினின் பார்க்க வருவாரா? ஒவ்வொருவரையும் போனில் கெஞ்சி, பஸ் காசைத் தன் பையிலிருந்து கொடுத்து வரவழைத்தார். நெறிமுறைக் குழுவுக்கு வந்த விண்ணப்பத்தில் முதன்மை ஆய்வாளராக இருந்தது அவர் பெயர்தான். அந்தக் குழுவில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

இதழிலிருந்து திருத்தம் கேட்டு வந்த பிறகு பெயர்கள் முளைத்தன. முதலில் நீங்கள். இரண்டாவது துறைத் தலைவர். கரஸ்பாண்டிங் ஆதரும் அவரே. மூன்றாவது உங்கள் மகன். வேறோர் ஊரில் எலும்பு மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர், எந்த விரியன் கடியை எந்த வார்டில் பார்த்தார்? பெயர் வரிசையை மாற்றச் சம்மதம் என்ற படிவத்தை நீட்டி, “கையெழுத்தப் போடும்மா, அடுத்த பேப்பர்ல உன்னை முதல்ல போட்டுரலாம்” என்றீர்களாம். அவருடைய விடுப்பும் ரகசியக் குறிப்பும் உங்கள் கையில். போட்டுவிட்டார். வெளியீட்டுக் கட்டணம் கட்டியதும் அவர்தான். அந்த ரசீதில் மட்டும் முதல் பெயருக்கு யாரும் போட்டி போடவில்லை.

2024-இல் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியபோது, “என் ஆய்வு” என்று நிருபர்களிடம் நீங்கள் காட்டியதும் இந்தக் கட்டுரையைத்தான். ஆய்வு நெறிகள் பயிலரங்கில் அதைவிட நன்றாகப் பேசினீர்கள். உழைக்காதவர் ஆசிரியர் ஆகக் கூடாது என்று ஸ்லைடு போட்டுக் காட்டினீர்கள். கடைசி வரிசையில் அவர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஸ்லைடுகளைச் செய்து கொடுத்ததும் அவர்தானாம்.

உங்களுக்கு எதற்கு இது? பேராசிரியராகி டீனும் ஆகிவிட்டீர்கள், இனி ஏறப் படி இல்லை. மகனுக்காக என்றால், நம் பிள்ளைக்கு ஊட்டும் சோற்றை அடுத்தவர் இலையிலிருந்தா எடுப்பது? அந்த உதவிப் பேராசிரியரிடம் பாடம் கேட்ட முதுநிலை மாணவர் ஒருவர் இன்னொரு கல்லூரியில் அவருக்கு முன்பே இணைப் பேராசிரியர் ஆகிவிடுவார் போலிருக்கிறது. அதையும் பெருமையாகத்தான் சொல்கிறார். அவருக்குக் கோபப்படக்கூடத் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

இதழுக்கு ஒரு திருத்தக் கடிதம் போனால் ஏதாவது வழி பிறக்கும். அடுத்த பட்டியலுக்கு முன் அது போயாக வேண்டும். அதை டைப் செய்யவும் அவரையே கூப்பிட்டு அனுப்பாதீர்கள். இந்த ஒன்றையாவது நீங்களே எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கல்லூரியின் இணைப் பேராசிரியர் ஒருவர்