பந்து விளையாட இடம் எங்கே?

பவுர்ணமி அன்று திருவண்ணாமலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். கிரிவலப்பாதை 14 கிலோ மீட்டர். கால் வைக்க இடம் இருக்காது. வெளியூர்க்காரர்கள் நடக்க இவ்வளவு ஏற்பாடு. சரி. உள்ளூர்ப் பிள்ளைகள் ஓடி விளையாட?

ஊர் 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. மலையடிவாரம் வரை வீடுகள் ஏறிவிட்டன. அந்த ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி மண் சரிந்து 7 பேர் மாண்டது அங்கேதான். அவர்களில் 5 பேர் பிள்ளைகள். இனி பூங்காவும் மைதானமும் வேண்டுமானால் நிலத்தை இப்போதே பிடித்து வைக்க வேண்டும்.

சட்டம் இருக்கிறது. மனைப்பிரிவு 3 ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் போனால், பாதை போக மீதியில் நூற்றுக்குப் பத்து பங்கு திறந்தவெளி விடவேண்டும். 10 ஆயிரம் சதுர மீட்டருக்கு உட்பட்டதானால் நிலத்துக்குப் பதில் பணம் கட்டவும் வழி உண்டு. கோளாறு இங்கேதான். பணத்தின் மேல் பந்து உருட்ட முடியுமா?

கைவிட்ட நிலத்தை மீட்பது லேசா? சென்னை கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தைப் பாருங்கள். 160 ஏக்கர்! 1945 முதல் 99 ஆண்டு குத்தகை. வாடகை ஆண்டுக்கு 614 ரூபாய் 13 அணா! வாடகை பாக்கி வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2024 செப்டம்பரில்தான் அரசாங்கம் நிலத்தை எடுத்தது. அதில் 118 ஏக்கரைப் பூங்காவுக்கு ஒதுக்கியது. கிளப் மறுபடியும் கோர்ட்டுக்குப் போயிற்று.

திருவண்ணாமலையில் அவ்வளவு தூரம் போகவேண்டாம். உங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கு விட்ட இடம் எது? வேலி உண்டா? தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி, மாநகராட்சியில் மனுப் போட்டுக் கேட்கலாம்.