மலையில் உண்பவர்களும் மலையேறி உழைப்பவர்களும்

ஐரோப்பியப் பத்திரிகைகளின் பயணப் பக்கங்களைக் குளிர்காலத்தில் புரட்டுபவர்கள் ஒரே கட்டுரையை ஆண்டுதோறும் வெவ்வேறு பெயர்களில் வாசிக்கிறார்கள். பனிச்சறுக்கு விடுமுறையின் உச்ச இன்பம் சறுக்குவதில் அல்ல, மலையில் அமர்ந்து உண்ணும் மதிய உணவிலேயே உள்ளது என்பதுதான் அதன் சாரம். வெயில் வரும், வெண்பனி வரும், உருகிய சீஸ் வரும், வைன் வரும். சமைத்தவர் மட்டும் வரமாட்டார்.

அந்த இன்பத்தை நான் மறுக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பெப்ரவரியில், சுவிற்சர்லாந்தில் வாழும் உறவினர் ஒருவர் என்னைச் செர்மாட்டுக்கு அழைத்துச் சென்றார். சறுக்கத் தெரியாத நான், சுரங்கத்தினூடே ஏறும் இரயிலில் 2,288 மீற்றர் உயரத்திலுள்ள சுன்னெக்காவை அடைந்து, அங்கிருந்து பின்டெல்ன் என்னும் சிற்றூருக்கு நடந்து இறங்கினேன். எதிரே 4,478 மீற்றர் உயர்ந்து நிற்கும் மட்டர்ஹோர்ன். தட்டில் உருளைக்கிழங்கைத் துருவி மொறுமொறுப்பாக வறுத்த றோஸ்ரி, அதன்மேல் பொரித்த முட்டை. அதைவிடச் சுவையான மதிய உணவை நான் அதிகம் உண்டதில்லை.

ஆனால், அந்த றோஸ்ரி பேர்ண் பிரதேச உழவர்களின் காலையுணவு. நெருப்பருகே உருக்கிய சீஸை வழித்து உண்ணும் றக்லெற், வலே மாநில இடையர்களின் உணவு. உழைப்பாளியின் உணவை உல்லாசப் பயணியின் விருந்தாக்கியவர்கள், உழைப்பாளியை மாத்திரம் படத்திலிருந்து வெட்டிவிட்டார்கள்.

இன்றைய உழைப்பாளிகள் யார்? செர்மாட்டில் பெருந்தொகையான போர்த்துக்கேயர் வேலை செய்கின்றனர். வாடகை கட்டுப்படியாகாத பலர், சுமார் 5 கிலோமீற்றர் கீழேயுள்ள தேஷ் கிராமத்தில் தங்கி, தினமும் இரயிலேறி வருகின்றனர். மாவும் முட்டையும் மலைக்குத் தாமாக வருவதில்லை, ஏற்ற வேண்டும். குப்பையை இறக்க வேண்டும். 2,000 மீற்றர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால் கிழங்கு அவியக் கூடுதல் நேரம் காத்திருக்க வேண்டும்.

"இவையெல்லாம் விலையில் அடங்கிவிட்டன, பணம் கொடுத்தவன் ஏன் கவலைப்பட வேண்டும்?" என்று கேட்பார்கள். பணம் உண்டவனின் கடனைத் தீர்க்கலாம். எழுதியவனின் கடனைத் தீர்க்காது. வைன் எந்தச் சரிவில் விளைந்தது என்று விசாரிப்பவருக்கு, தட்டைக் கழுவியவர் எந்த ஊரவர் என்று கேட்க நாவெழாதது ஏன்?

வெள்ளைக்காரரை மட்டும் குற்றஞ்சாட்டி நாம் தப்பிவிட முடியாது. எண்பதுகளிலிருந்து சுவிற்சர்லாந்தில் தஞ்சமடைந்த எம்மவர்களில் ஏராளமானோர் உணவகச் சமையலறைகளிலேயே வாழ்வைத் தொடங்கினர். "கோப்பை கழுவுகிறவன்" என்பதை வசைச் சொல்லாக்கியவர்கள் நாம்தான். யுத்த காலத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிந்தது அந்தப் பணத்தில் என்பதை வசதியாக மறந்தோம்.

உண்டு முடித்ததும் என் உறவினர் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கரண்டிகளை ஒருபுறம் சேர்த்து வைத்தார். 11 ஆண்டுகள் சமையலறையில் நின்ற பழக்கம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஊரிலை இதைச் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை, அங்கை என்னை மனேச்சர் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கினம்" என்றார்.

வெட்கப்பட வேண்டியவர் அவரல்லர்.

அடுத்த குளிர்காலத்தில் அதே கட்டுரையை எழுதவிருப்பவருக்கு ஒரு வேண்டுகோள். எழுந்து செல்லுமுன் சமையலறை வாசல்வரை சென்று, ஒரேயொரு பெயரையாவது கேட்டு எழுதுங்கள். முப்பது வருடங்கள் கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்டிருந்த நானும் அன்று அதைக் கேட்கவில்லை.