"அறியோம்" என்னும் வைத்தியர்

இரண வைத்தியர் ஒருவர் தம்மிடம் வந்த நோயாளியை நோக்கி, "உமக்குச் செய்யத்தக்க சிகிச்சை இரண்டு உண்டு, அவற்றுள் எது சிறந்தது என்பதை நாங்கள் இன்னும் அறியோம், அதனை அறிந்துகொள்ள நீர் துணை செய்வீரா?" என்று கேட்பாராயின், கேட்டவர் யாது நினைப்பர்? "இவர் கற்றது இவ்வளவுதானா!" என்று சிலர் ஐயுறுவர். "நம்மைச் சோதனைப் பொருளாக்கப் பார்க்கின்றார்" என்று அஞ்சிச் சிலர் எழுந்து போவர். ஆயினும் அவ்வாறு சொல்லும் வைத்தியரே நம் மதிப்புக்குப் பெரிதும் உரியவர் என்பதும், அவர் கேட்கும் துணையை அளித்தல் சிறந்ததோர் அறம் என்பதும் எம் கருத்து. வாய், தாடை, முகம் ஆகியவற்றிற்குச் செய்யும் இரண சிகிச்சையின் அண்மைக்கால வரலாற்றைக் கொண்டு இதனை விளக்க முயல்வோம்.

இத்துறையை யாம் தேர்ந்தது காரணம் பற்றியே. உண்பதும் உரையாடுவதும் நகைப்பதும் வாயினால் நிகழ்வன. ஒருவரைப் பிறர் அறிவது முகத்தினால். ஈண்டு நேரும் பிழையை ஆடையால் மறைத்தல் இயலாது. மேலும், நம் நாட்டார்க்கு இஃது அயலார் கவலையுமன்று. 2020-ஆம் ஆண்டிற்குரிய உலகப் புற்றுநோய்க் கணக்கின்படி, அவ்வோராண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,35,000 பேருக்கு உதட்டிலோ வாயிலோ புற்றுநோய் புதிதாகக் கண்டது. ஏறத்தாழ 75,000 பேர் அந்நோயால் மாண்டனர். புகையிலையும் பாக்கும் மதுவும் இதற்குத் தலையாய காரணங்கள் என்பதை யாவரும் அறிவர்.

நிற்க. புதுமை ஒன்றையே சான்றாகக் கொள்வதன் விளைவுக்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிகழ்ந்ததொன்று தக்க எடுத்துக்காட்டாகும். காதின் முன்புறத்தே, கீழ்த்தாடையெலும்பு மண்டையோட்டுடன் பொருந்தும் மூட்டில், இரண்டெலும்புகளுக்கும் இடையே மெத்தை போன்றதொரு மெல்லிய தட்டு உளது. அது கெட்டு நோவு தருமிடத்து, அதனை நீக்கிவிட்டு டெஃப்லான் சேர்ந்த செயற்கைத் தகட்டை வைக்கும் முறை 1980-க்குப் பிந்திய ஆண்டுகளில் அங்கே பரவிற்று. அப்பொருள் வழவழப்பானது; வேறெதனோடும் எளிதிற் கலந்து மாறாதது; ஆதலின் உடலுக்கு நன்மையே செய்யும் என்று எண்ணினர். அனுமானம் அழகியதே. ஆனால், மெல்லுந்தோறும் ஏற்பட்ட அழுத்தத்தால் அத்தகடு தேய்ந்து துகளாயிற்று. அத்துகளைப் பகையெனக் கொண்டு உடல் காட்டிய எதிர்ப்பினால், அருகிலிருந்த எலும்பே அரிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோருக்கு அதனைப் பொருத்திய பின்னர், 1990-ஆம் ஆண்டிலேதான் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அதனைத் தடுக்க முற்பட்டது. நோவு தீர வந்தவர் பலர், நோவு மிகுந்து மீண்டும் மீண்டும் கத்திக்கு ஆளாயினர். முதலிற் சிலருக்கு மட்டும் பொருத்தி, அவர்களைப் பிற சிகிச்சை பெற்றாரோடு ஒப்பிட்டு, ஆண்டுகள் சில பொறுத்துப் பார்த்திருப்பின், இத்துன்பத்தின் பெரும்பகுதி நேர்ந்திராது. அங்கே "அறியோம்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "அறிவோம்" என்று சொல்லிவிட்டனர்.

இனி, ஒப்பிட்டு அறிந்ததனையும் முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது என்பதற்கு மற்றொன்று கூறுவோம். வாய்ப்புற்றுக்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றவரின் தாடையெலும்பிற் குருதியோட்டம் குன்றும். பின்னர் அவ்விடத்திற் பல்லைப் பிடுங்கினால், புண் ஆறாது எலும்பே மடிதலும் உண்டு. இதனைத் தடுத்தற்பொருட்டு, அழுத்தமிக்க அறையில் நோயாளியை இருத்திப் பிராணவாயுவைச் சுவாசிக்கச் செய்யும் முறை தோன்றிற்று. 1985-இல் வெளிவந்த ஓராய்ச்சியில், பல் பிடுங்கவேண்டியிருந்த 74 பேரை இரு சமபங்காக்கினர். பெனிசிலின் மட்டும் பெற்ற 37 பேருள் 11 பேருக்கு எலும்பு மடிந்தது. பிராணவாயு பெற்ற 37 பேருள் இருவர்க்கே மடிந்தது. இம்முடிபைப் பின்பற்றிப் பல நாடுகளில் நோயாளிகள் முப்பது முறை அவ்வறையுட் சென்று வரலாயினர்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்தன. அதற்குள் கதிர்ச் சிகிச்சையின் முறையும் மாறிற்று. 144 பேரைக்கொண்டு, பிரிட்டனைத் தலைமையிடமாக வைத்து நடத்திய வேறோர் ஆராய்ச்சியின் முடிபு 2019-இல் வெளிவந்தது. இரு சாராரும் கிருமிநாசினி மருந்தும் வாய்கழுவும் நீரும் பெற்றனர். ஒரு சாரார் பிராணவாயுவும் பெற்றனர். ஆறு திங்கள் கழித்துப் பார்த்தபோது, எலும்பு மடிந்தவர் பிராணவாயு பெற்றாருள் நூற்றுக்கு 6.4, பெறாதாருள் நூற்றுக்கு 5.7. வேற்றுமை இல்லை என்றே சொல்லலாம். இதனால் முன்னோர் பொய்யுரைத்தார் என்பதன்று. அவர்கள் தம் காலத்து நோயாளிகளைத் தம்மால் இயன்றவாறு ஆராய்ந்தனர். பின்னோர் தம் காலத்தில் மீண்டும் கேட்டனர். கேட்டிராவிடின், பயன் ஐயத்திற்குரிய ஒன்றிற்காக நோயாளிகள் முப்பது நாளும் பெரும்பொருளும் செலவிட்டுக்கொண்டே இருந்திருப்பர்.

இவையெல்லாம் மேனாட்டார் செயல். நம்மவர் செய்தது யாது எனின், பெருமையோடு கூறத்தக்கது ஒன்று உளது. வாய்ப்புற்று முதலிற் பரவுமிடம் கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்கள். வாயிற் சிறு புற்று இருந்து, கழுத்திற் கட்டி ஒன்றும் தென்படாத நிலையில், வாய்ப்புற்றை அறுக்கும்போதே கழுத்துக் கணுக்களையும் களைந்துவிடுவதா, அன்றிக் கட்டி தோன்றும்வரை காத்திருப்பதா? முன்னதைச் செய்யின், தேவையில்லாத பலருக்கும் கழுத்தில் அறுவை நேரும். பின்னதைச் செய்யின், சிலருக்குக் காலங் கடந்துவிடும். பல்லாண்டுகளாக அறிஞர் இருபாலாக நின்று வாதிட்ட வினா இது. 1941-இல் பம்பாயில் திறக்கப்பெற்ற டாட்டா நினைவு மருத்துவமனையின் வைத்தியர்கள், வாதத்தை நிறுத்தி, 2004-ஆம் ஆண்டு முதல் நோயாளிகளின் இசைவு பெற்று, சீட்டுக் குலுக்குவது போன்ற முறையால் அவர்களை இரு பிரிவாக்கிச் சிகிச்சை செய்தனர். முதல் 500 பேரின் முடிபு 2015-இல் உலகறிய வெளிவந்தது. மூன்றாண்டுகட்குப் பின் உயிரோடிருந்தோர், முன்னரே கழுத்தறுவை பெற்றாருள் நூற்றுக்கு 80. காத்திருந்தாருள் நூற்றுக்கு 67.5. அறுவையால் நேர்ந்த தீங்கு முன்னவருள் நூற்றுக்கு 6.6, பின்னவருள் 3.6 என்பதனையும் அவர்கள் மறையாது வெளியிட்டனர். நூறு பேருக்குப் பன்னிருவர்க்கு மேல்! அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு குடும்பத்தின் தந்தையோ தாயோ மகனோ அல்லரோ? "அறியோம்" என்று துணிந்து சொன்னமையால் அன்றோ இவ்வுண்மை அறியக் கிடைத்தது?

இதனை மறுப்பாரும் உளர். "சோதனைக்கு உட்படுவோர் ஏழைகளே, செல்வர் தமக்கு வேண்டியதைக் கேட்டுப் பெறுவர்" என்பது அவர் கூற்று. இவ்வச்சம் வெறும் பிரமையன்று என்பதை ஒப்புக்கொள்கின்றோம். அதற்காகவே காவல்களும் ஏற்பட்டன. 2009-ஆம் ஆண்டு ஜூன் முதல், நம் நாட்டில் மருந்துச் சோதனைகளைத் தொடங்குமுன் பொதுப் பதிவேட்டிற் பதிதல் கட்டாயமாயிற்று. சோதனையாற் கேடுற்றார்க்கு ஈடளிக்கும் விதிகள் 2019-இல் திருத்தி அமைக்கப்பெற்றன. ஆயினும் விதி ஏட்டளவில் நின்றாற் பயனில்லை. நோயாளி உண்மையாகவே விளங்கிக்கொண்டு இசைந்தாரா என்பதே உயிர்நிலையான வினா. விளங்காத தாளிற் பெருவிரல் பதித்தல் இசைவாகாது. "வேண்டா" என்று சொன்னாலும் தம் சிகிச்சை குறைவுபடாது என்பதை அவர் ஐயமற அறிந்திருத்தல் வேண்டும்.

இங்கேதான் எம் மாணாக்கர்க்குரிய தொண்டு இருக்கின்றது. வைத்தியம் கற்கச் செல்வோர், தம் ஆசிரியர் கூறியதற்கும் "சான்று யாது?" எனப் பணிவுடன் கேட்கும் வழக்கத்தை இக்கலாசாலையிலேயே பழகிக்கொள்வாராக. வைத்தியம் கல்லாதார்க்கும் பணியுண்டு. திருவனந்தபுரத்தைச் சார்ந்த ஊர்களில், 1996 முதல் 2004 வரை வீடுதோறும் சென்று மக்களின் வாயை நோக்கி நோய்க்குறி கண்டவர்கள் வைத்தியர்களல்லர். சிறிது காலம் பயிற்சி பெற்ற பட்டதாரிகளே. அவர்களது உழைப்பால், புகையிலையோ மதுவோ பழகியவரிடையே வாய்ப்புற்று மரணம் மூன்றிலொரு பங்கு குறைந்தது என்பது 2005-இல் வெளியாயிற்று. தமிழ் கற்றாரோ, சோதனைக்குரிய இசைவுத் தாளை உழவரும் நெசவாளரும் ஒருமுறை படிக்கக் கேட்ட அளவிற் பொருள் உணருமாறு எளிய நடையில் எழுதித் தரலாம். காவியத்திற்கு உரை எழுதுவதினும் இது தாழ்ந்த பணியன்று.

மருந்தின் நான்கு கூறுகளை எண்ணுமிடத்துத் திருவள்ளுவனார் நோயுற்றவனையே முதலில் வைத்தார். வைத்தியன் அவனுக்குப் பின்னரே வருகின்றான். அம்முறையே முறை. ஆகவே, வாயில் ஆறாத புண்ணோ வெண்படலமோ மூன்று வாரத்திற்கு மேல் நிற்பின், நாணாது சென்று காட்டுக. சிகிச்சை கூறப்படுமிடத்துச் சான்று கேட்க. வைத்தியர், "அறியோம், அறிய உதவுக" என்று வேண்டுவாராயின், எழுந்து போகாது அமர்ந்து முழுதும் கேட்க. பொருந்தாவிடின் மறுக்க, பொருந்தின் இசைக. இன்று நமக்குக் கிடைக்கும் ஒவ்வொரு நற்சிகிச்சையும், நாம் பெயரறியாத நோயாளிகள் சிலர் அங்ஙனம் அமர்ந்து கேட்டு இசைந்ததன் பயனே.