தொதல் கறைக்கு மண்ணெண்ணெயா?

கீழக்கரை, பெரியபட்டினம், மண்டபம், பாம்பன் பக்கம் போய்ப் பாருங்கள். பிள்ளையோ மாப்பிள்ளையோ வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிற வீடுகளில், முன் ஹாலில் ஒரு கம்பளம் விரித்திருப்பார்கள். துபாயிலிருந்தோ சவூதியிலிருந்தோ சுருட்டிக் கட்டி வந்து இறங்கியது. முன்பெல்லாம் ரத்தச் சிவப்பில் பெரிய பெரிய பூப்போட்டு வரும். இப்போது ருசி மாறிவிட்டது. பால் வெள்ளை, சந்தன நிறம், முட்டை ஓட்டு நிறம் என்று வருகிறது. பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் அதே கீழக்கரைதான் தொதலுக்கும் பேர் போன ஊர்!

அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி அல்லது சர்க்கரை, நெய், முந்திரி எல்லாம் போட்டு, அடுப்படியில் மணிக்கணக்காக நின்று, கை கடுக்கக் கிண்டி இறக்குகிற பண்டம். வாயில் போட்டால் அமிர்தம். கம்பளத்தில் விழுந்தால்? அதைவிடப் பிசுபிசுப்பான வில்லன் கிடையாது. பெருநாளுக்கு வந்த பிள்ளைகளில் ஒன்று கையில் தொதலோடு ஓடும். ஒரு துண்டு விழும். அடுத்த பிள்ளை அதை மிதிக்கும். அவ்வளவுதான், வீடே கூடிவிடும்.

கறை போகிறதா இல்லையா என்பதைவிட, அந்த நேரத்தில் வீட்டில் நடக்கிற கூத்துதான் என் கவலை. "லாத்தா, கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊத்தித் தேய்ங்க, ஓடியே போயிடும்" என்று பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல் வரும். நாட்டுப்படகு மோட்டாருக்காக வாங்கி வைத்த மண்ணெண்ணெய் கடற்கரை வீடுகளில் கைக்கெட்டுகிற பொருள்தானே! இன்னொருவர் பெட்ரோல் என்பார். மெக்கானிக் கடையில் தின்னர் வாங்கி வா என்பார் மற்றொருவர். கிணற்றுக்குப் போட வாங்கிய பிளீச்சிங் பவுடர் ஞாபகத்துக்கு வரும். நடுவில் மருமகளுக்கு ஒரு திட்டு, பிள்ளைக்கு ஒரு அடி.

ஒரு துண்டு தொதலுக்கு இத்தனை விஷமா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கத்தான் வேண்டும்.

மண்ணெண்ணெயை எடுத்துக் கொள்ளுங்கள். நம் வீடுகளில் அதை எதில் வைக்கிறோம்? காலியான கூல்டிரிங்ஸ் பாட்டிலில்! கறை துடைக்கக் கொஞ்சம் ஊற்றிக் கொண்டு, மூடியைத் திறந்தபடி ஹாலில் வைத்துவிட்டு உள்ளே போனால், தவழ்ந்து வருகிற குழந்தைக்கு அது குடிக்கிற பாட்டில்தான். மண்ணெண்ணெய் வயிற்றுக்குள் போவதைவிட நுரையீரலுக்குள் போவதுதான் மோசம். அது லேசாக வழிந்து ஓடுகிற எண்ணெய். விழுங்கும்போது ஒரு இருமல் வந்தால் போதும், மூச்சுக் குழாயில் இறங்கி நிமோனியா போலப் புண்ணாக்கிவிடும். அதனால்தான் மண்ணெண்ணெய் குடித்த குழந்தையை வாந்தி எடுக்க வைக்காதே என்று டாக்டர்கள் தலையில் அடித்துக் கொண்டு சொல்கிறார்கள். உப்புத் தண்ணீர் கொடுப்பது, விரலை விட்டு ஓங்கரிக்க வைப்பது எல்லாம் கூடவே கூடாது. வரும் வழியில் நுரையீரலுக்குள் இன்னொரு தடவை போகும். ஈரமான உடையைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி. 2008-லிருந்து நமக்கு 108 இருக்கிறது. பிள்ளை 'நல்லாத்தானே விளையாடுது' என்று வீட்டில் வைத்துக் கொள்ள வேண்டாம். இருமலும் மூச்சிரைப்பும் சில மணி நேரம் கழித்துக்கூட ஆரம்பிக்கும்.

பெட்ரோலும் தின்னரும் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆவி தரையோடு தரையாக நகர்ந்து போய், அடுத்த அறையில் எரிகிற அடுப்பைத் தொட்டால் கம்பளம் மட்டுமா எரியும்? பிளீச்சிங் பவுடர் கதை வேறு. அது வேலை செய்யவில்லை என்று அதன் மேலேயே பாத்ரூம் ஆசிட்டை ஊற்றுகிற தைரியசாலிகள் இருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு. 1915-ல் முதல் உலகப் போரில், பெல்ஜியம் நாட்டு இப்ரே போர்க்களத்தில் ஜெர்மன் ராணுவம் எதிரிகள் மேல் திறந்துவிட்டதே, அதே வாயு! ஜன்னல் மூடிய ஹாலில் அதைத் தயாரிக்க நமக்கு என்ன தலையெழுத்து? கண் எரிந்து தொண்டை அடைத்தால், எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு முதலில் வெளியே காற்றுக்கு ஓடி வர வேண்டும்.

வெளிநாட்டுக்காரர்கள் மட்டும் புத்திசாலிகள் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் கறை நீக்க என்று கார்பன் டெட்ராகுளோரைடை வீட்டுக்கு வீடு வைத்திருந்தார்கள். கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது என்று 1970-ல்தான் வீட்டு உபயோகத்துக்குத் தடை போட்டார்கள். டிரை கிளீனிங்கில் வெகுகாலமாகப் புழங்கும் 'பெர்க்' திரவத்துக்கு 2024 டிசம்பரில்தான் அங்கே கடிவாளம் விழுந்திருக்கிறது.

சரி, திட்டினது போதும், வழியைச் சொல் என்கிறீர்களா? வழி நம் பாட்டிகளுக்கே தெரியும். பலாப்பழம் உரிக்கும்போது கையில் என்ன தடவிக் கொள்கிறோம்? தேங்காய் எண்ணெய். பலாப்பால் தண்ணீருக்கு மசியாது, எண்ணெய்க்கு மசியும். பதநீர் கொட்டின இடத்தில் எண்ணெய் தடவுவோமா? மாட்டோம். அது தண்ணீருக்கே கரையும். கறை எந்த ஜாதியோ, அதே ஜாதிப் பொருளுக்குத்தான் இளகிக் கொடுக்கும். சூயிங்கம், ஸ்டிக்கர் பசை, படகு வேலையில் காலில் ஒட்டி வருகிற தார் எல்லாம் எண்ணெய் ஜாதி. துணியில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டு இளக்கிவிட்டு, பிறகு அந்த எண்ணெயைப் பாத்திரம் கழுவுகிற திரவத்தால் எடுக்க வேண்டும். கருப்பட்டிப் பாகு, பதநீர், பிள்ளைகள் நோட்டுக்கு ஒட்டுகிற வெள்ளைப் பசை எல்லாம் தண்ணீர் ஜாதி. வெதுவெதுப்பான நீரே போதும்.

தொதல் இருக்கிறதே, அது இரண்டு ஜாதியும் கலந்த பேர்வழி. உள்ளே சர்க்கரைப் பாகு, மேலே தேங்காய் எண்ணெய். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்கு மேல் உருகிவிடும். நம் கரையோரத்தில் வருஷத்தில் எத்தனை நாள் 24 டிகிரிக்குக் கீழே இறங்குகிறது? ஆகவே விழுந்த நிமிஷத்திலிருந்து அது கீழே கீழே இறங்கிக் கொண்டே இருக்கும். அதைத் தடுக்கப் பிரிட்ஜில் இருக்கிற ஐஸ் போதும். ஐஸ் கட்டிகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கறை மேல் பத்துப் பதினைந்து நிமிஷம் வையுங்கள். தொதல் கெட்டிப்படும். மொட்டையான ஸ்பூனால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுரண்டி எடுங்கள். மிச்சத்தின் மேல் சமையல் சோடாவைத் தூவி ஒரு மணி நேரம் விட்டால் எண்ணெயை உறிஞ்சும். முகப்பவுடர் வேண்டாம், குழந்தை மூச்சில் போய்ச் சேரும். சோடாவைத் தட்டி எடுத்த பிறகு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் கால் டீஸ்பூன், அதற்கு மேல் வேண்டாம், கலந்து வெள்ளைத் துணியில் நனைத்து ஒற்றுங்கள். ஒற்றத்தான் வேண்டும், தேய்க்கக் கூடாது. தேய்த்தால் இழை முறுக்கு அவிழ்ந்து, கறை போனாலும் அந்த இடம் மட்டும் பஞ்சடைந்து நிற்கும். கடைசியில் நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை ஒற்றி எடுக்க வேண்டும்.

இந்த 'நல்ல தண்ணீர்' விஷயத்தில்தான் நம் ஊரில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எல்லாம் முறைப்படி செய்தும், "காய்ஞ்சாலும் அந்த இடம் பிசுபிசுன்னே இருக்கு" என்று புலம்புகிறார்கள். கறை போகவில்லை என்று மறுபடி சோப்பு, மறுபடி தண்ணீர், கடைசியில் அதே மண்ணெண்ணெய் பாட்டில். அங்கே பிசுபிசுப்பது தொதல் இல்லை ஐயா, உப்பு! ராமநாதபுரம் கரையோரத்தில் போர் தண்ணீரின் லட்சணம் நமக்குத் தெரியாததா? குடிக்கிற தண்ணீரைத் தள்ளுவண்டியில் குடம் குடமாய் விலைக்கு வாங்குகிற ஊர்கள் எத்தனை! அந்த உப்புத் தண்ணீரைக் கம்பளத்தில் ஊற்றிக் காய வைத்தால் தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். அடுக்களையில் உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிகிறதே, அதே மாதிரி இழையில் தங்கின உப்பு கடல் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக் கொள்ளும். ஜென்மத்துக்கும் காயாது. போதாக்குறைக்கு, கட்டிச் சோப்பு கடின நீரில் நுரைக்காமல் சாம்பல் நிறப் பிசினாகத் திரிந்து இழையில் ஒட்டிக் கொள்ளும். ஆகவே வீடு முழுக்க உப்புத் தண்ணீரில் கழுவினாலும் சரி, கம்பளத்துக்கு மட்டும் குடிக்கிற தண்ணீர் ஒரு சொம்பு ஒதுக்குங்கள். சேமித்த மழைத் தண்ணீர் இருந்தால் இன்னும் விசேஷம். 'குடிக்கிற தண்ணியை வீணாக்குறதா?' என்றால், ஒற்றி எடுக்க ஒரு சொம்புக்கு மேல் தேவையே இல்லை. வாளி வாளியாக ஊற்றுவதுதான் வீண்.

துவைக்கிற சலவைத் தூளும் வேண்டாம். துணியை வெள்ளை வெளேரென்று காட்ட அதில் சேர்க்கிற ஒளிரும் சாயம் வெளிர் நிறக் கம்பளத்தில் ஒரு திட்டாக நின்றுவிடும். கறைக்குப் பதில் இன்னொரு கறை! கருப்பட்டியின் பழுப்பு மட்டும் மிச்சம் நின்றால், மருந்துக் கடையில் புண் கழுவக் கொடுக்கிற 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடைச் செயற்கை இழைக் கம்பளத்தில் சில துளி ஒற்றிப் பார்க்கலாம். முதலில் சோபாவுக்கு அடியில் மறைகிற மூலையில் பரீட்சை செய்துவிட்டுத்தான். கம்பளி இழைக்கு வேண்டாம். எது கம்பளி, எது செயற்கை என்று தெரியவில்லையா? ஓரத்திலிருந்து ஒரே ஒரு இழையைப் பிய்த்து வாசலில் வைத்துக் கொளுத்துங்கள். முடி கருகின நாற்றமடித்து உதிர்ந்தால் கம்பளி. உருகி மணியாகத் திரண்டால் செயற்கை. பிளீச்சிங் பவுடர் கம்பளி இழையைக் கரைத்தே விடும்.

துடைத்து முடித்துச் சுத்தமாய்த் தெரிந்த இடத்தில் மறுநாள் கறை திரும்ப எட்டிப் பார்க்கும். பேய் பிசாசு ஒன்றுமில்லை. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பது போல, காயும்போது ஈரம் இழை வழியே மேலேறி, அடியிலிருந்த பாகையும் நுனிக்குக் கொண்டு வந்துவிடுகிறது. அடியில் சணல் வைத்துத் தைத்த கம்பளமானால் சணலின் பழுப்பே மேலே ஏறும். ஈரமான இடத்தின் மேல் தடியான வெள்ளைத் துண்டை மடித்து வைத்து, மேலே அம்மிக் குழவியை ஏற்றி ராத்திரி முழுக்க விட்டால் ஏறுவது துண்டில் ஏறிவிடும்.

அதற்குப் பிறகும் காய வைத்தாக வேண்டும். நனைந்த கம்பளம் ஒன்றிரண்டு நாளில் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். தூசியில் வாழ்கிற கண்ணுக்குத் தெரியாத உண்ணிகளுக்கோ காற்றில் ஈரம் இருந்தாலே கொண்டாட்டம். அவற்றின் எச்சம்தான் எத்தனையோ பிள்ளைகளின் விடியற்காலைத் தும்மலுக்கும் வீசிங்குக்கும் காரணம். கறைக்காகப் பிள்ளையை அடிக்கிற நாம், அதே கம்பளத்தில் அதைப் படுக்க வைத்துவிட்டு, 'இதுக்கு ஏன் எப்பப் பாத்தாலும் சளி?' என்று டாக்டரிடம் கேட்கிறோம்!

அதனால் என் கட்சி இதுதான். நம் கரையோரத்து வீட்டுக்குச் சுவரோடு சுவராக ஒட்டுகிற கம்பளம் ஒத்து வராது. சுருட்டி மாடிக்குத் தூக்கிப் போகிற அளவில் ஒன்று போதும். மாதம் இரண்டு முறை கைப்பிடிச் சுவரில் போட்டு, இரண்டு பக்கமும் வெயில் காட்டி, தட்டி எடுக்கலாம். புதிதாக வந்த கம்பளத்தையும் முதல் இரண்டு மூன்று நாள் காற்றோட்டமான இடத்தில் விரித்து வையுங்கள். அந்தப் 'புது வாசனை' பெரும்பாலும் அடியில் பூசின பசையின் ஆவிதான். மூச்சுத் தொந்தரவு இருக்கிற பிள்ளையை அதன் மேல் அன்றைக்கே படுக்க வைக்க வேண்டாம். பிள்ளைகள் பலகாரம் தின்ன இருக்கவே இருக்கிறது பனையோலைப் பாய். தொதல் விழுந்தால் ஈரத்துணியால் ஒரே துடை. பவானி ஜமுக்காளமும் சரிதான். அதைத் துவைத்துக் கொடியில் போடலாம்.

இத்தனைக்கும் பிறகு லேசாக ஒரு நிழல் மிச்சம் நின்றால் கம்பளத்தைத் திருப்பிப் போட்டு அந்த மூலையை டீப்பாயின் கீழே தள்ளிவிடுங்கள். அதற்கு முன்னால் அந்தக் கூல்டிரிங்ஸ் பாட்டிலை எடுத்து, மண்ணெண்ணெயை மூடி இறுக்கமான கேனில் ஊற்றி, பிள்ளைக்கு எட்டாத பரணில் வைத்துவிட்டு வாருங்கள்.