எந்த வேலை முதல் வேலை?

செய்யவேண்டிய வேலைகள் அனேகம், பொழுதோ போதவில்லை என்று குடியானவர்களிற் பலர் குறைப்படுகிறார்கள். எமது அபிப்பிராயத்தில், பெரும்பாலும் குறைவாயிருப்பது பொழுதன்று. வேலைகளை வரிசைப்படுத்தும் வழக்கமேயாம்.

வேலைகள் மூவகைப்படும். தவணை தப்பினால் எப்பொருள் கொடுத்தும் மீட்கமுடியாதவை முதல் வகை. தாமதத்தால் செலவு ஏறுபவை இரண்டாம் வகை. நாளை செய்யினும் நஷ்டமில்லாதவை மூன்றாம் வகை. மூன்றாம் வகை வேலைகளே வாயிலில் வந்து நின்று கூப்பிடுகின்றன. முதல் வகையோ வயலில் வாய் திறவாமல் கிடக்கின்றது.

குறுவையை எடுத்துக்கொள்வோம். குறுகிய கால நெல் நாற்றை 18 முதல் 22 நாள் வயதிற்குள் நடவேண்டும். முற்றிய நாற்று சரியாகத் தூர் கட்டாது. பின்னர் எவ்வளவு எரு இட்டாலும் அக்குறை முற்றும் தீராது. நிலக்கடலைக்கு 40 முதல் 45ஆம் நாளுக்குள் ஜிப்சம் இட்டு மண் அணைக்கவேண்டும். விழுதுகள் மண்ணில் இறங்கியபின் கொத்தினால் காய்க்கே சேதம். இவை முதல் வகை. பம்புசெட்டைக் கோடையிலேயே பழுது பார்த்தல் இரண்டாம் வகை. பழைய பாக்கியைக் கேட்கப் பட்டணம் போதல் மூன்றாம் வகை. நடவு நாளன்று பட்டணம் சென்றவர் சும்மாயிருந்தாரென்று ஒருவரும் சொல்லார். ஆயினும் பயிர் அவருடைய பிரயாசையைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

வாய்க்கால் நீரும் நடவாட்களும் நம் வசத்திலில்லையே என்பர் சிலர். மெய்தான். ஆதலாலன்றோ நாற்றங்காலை ஒரே நாளில் விடாமல், ஒரு வார இடைவெளியில் இரு பகுதிகளாக விடவேண்டுமென்கிறோம். நீர் தாமதித்தால் ஒரு பகுதி நாற்றாவது வயது கடவாமலிருக்கும்.

கிராம அதிகாரிகளுக்கும் இது பொருந்தும். சான்றிதழ் கேட்டு வருவோர் கூட்டம் நாள்தோறும் உண்டு. அடங்கலில் பயிரைப் பதிவதற்கோ, பயிர் நிலத்தில் நிற்கும்போது நேரிற் பார்ப்பதே முறை. அறுவடைக்குப்பின் கேள்விப்பட்டு எழுதிய கணக்கு தவறினால், வெள்ள நிவாரணத்தின்போது வருந்துபவர் குடியானவரே.

ஆகவே, விதைத்த தேதியையும் நட்ட தேதியையும் ஒரு குறிப்புப் புஸ்தகத்தில் எழுதிவைப்பீர்களாக. இரவில் அதைப் பார்த்து, மறுநாளுக்குரிய முதல் வகை வேலை ஒன்றைத் தீர்மானித்து, வெயில் ஏறுமுன் அதைத் தொடங்குங்கள். அது முடியும்வரை வாயிலில் அழைப்பவர் சற்றுக் காத்திருக்கட்டும்.